கைமாறிக் கைமாறி: கீழ்ப் பர்மாவில் ஒரு தனிப் பயணம்

டிசம்பர் 14, 2019, சனி. ரங்கூன்

பர்மாவுக்குப் போகிறவர்கள் டாலர் நோட்டை மடிப்பில்லாமல் கொண்டுபோக வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைத்துத்தான் கொண்டுபோயிருந்தேன். ஆனாலும் நகரின் நடுவில் இருந்த நாணய மாற்றுக் கடையில், கண்ணாடிக்குப் பின்னால் அமர்ந்திருந்த பெண் எனது நூறு டாலர் நோட்டை விளக்கொளியில் தூக்கிப் பிடித்து, ஓரத்தில் எள்ளளவு படிந்திருந்த நீல மையைக் காட்டி, இடது கையால் வலது முழங்கையைத் தாங்கியபடி மிகுந்த மரியாதையுடன் என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். இந்த நாட்டில் பணம் கொடுப்பதும் வாங்குவதும் அப்படித்தான். அடுத்த கடையிலும் அதே முழங்கை, அதே புன்னகை, அதே மறுப்பு. என்னிடம் இருந்ததே சில நோட்டுகள்தான்; அவற்றில் பெரியது செல்லாது என்றால் பாதிப் பயணம் செல்லாது என்று பொருள்.

வெயிலில் நடந்து அனோரத்தா சாலைக்கு வந்து சேர்ந்தேன். 1871-இல் தமிழர்கள் கட்டிய காளியம்மன் கோயில் அங்கேதான் இருக்கிறது. கோபுரத்தின் எதிரில் பூ விற்கும் பெண்கள் கன்னத்தில் தனாக்கா மரத்தை அரைத்துப் பூசிக்கொண்டு, பர்மியத்தில் விலை சொல்லி, தமது பிள்ளைகளைத் தமிழில் திட்டிக்கொண்டிருந்தார்கள். கோயிலை ஒட்டிய தெருவில் ஒரு சிறிய நகைக்கடை. நெற்றியில் திருநீறும் இடுப்பில் லுங்கியுமாக இருந்த கடைக்காரர் நோட்டைப் புரட்டிப் பார்க்கும் முன்பே, “எந்த ஊரு தங்கச்சி?” என்று கேட்டார். காரைக்குடிப் பக்கம் என்றேன். நோட்டைக் கீழே வைத்துவிட்டார்.

அவருடைய பெரியம்மா காரைக்குடி பர்மா காலனியில் இருக்கிறாராம். ஜெனரல் நே வின் 1962-இல் ஆட்சியைப் பிடித்துக் கடைகளையும் வங்கிகளையும் அரசுடைமையாக்கியபின், லட்சக்கணக்கானவர்கள் கப்பலேறிய அந்த ஆண்டுகளில் போனவர். பெரியம்மாவின் தங்கை மட்டும் இங்கே மௌல்மேன் நகரிலேயே தங்கிவிட்டார். இதையெல்லாம் சொல்லிக்கொண்டே, என்னைக் கேளாமலேயே அந்தச் சின்னம்மாவுக்குத் தொலைபேசியில் அழைப்புப் போட்டு, கருவியை என் கையில் கொடுத்தார். “எப்பம்மா வர்ற? மீன் சாப்பிடுவியா?” என்றது மறுமுனை. மௌல்மேனுக்குப் போவது அந்த நேரம் வரை எனக்கே உறுதியாகத் தெரியாது.

நோட்டை அவரே வாங்கிக்கொண்டார். சந்தையில் ஒரு டாலருக்கு 1,500 கியாட் போய்க்கொண்டிருந்தது. மை இருந்ததால் 1,450 போட்டார். உறவு வேறு, கணக்கு வேறு என்பதில் எனக்கு மரியாதைதான் கூடியது. ஆயிரம் கியாட் என்பது அப்போது ஏறத்தாழ 47 ரூபாய். இனிவரும் 2019 விலைகளை அப்படிக் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

டிசம்பர் 15, ஞாயிறு. ரங்கூன்

காலையில் விடுதியின் முட்டையையும் ரொட்டியையும் விட்டுவிட்டு, தெருமுனையில் முழங்கால் உயர பிளாஸ்டிக் முக்காலியில் அமர்ந்து மொஹிங்கா சாப்பிட்டேன். விலை 800 கியாட். சென்னை பர்மா பஜார் பக்கம் அத்தோ கடைகளில் இதைச் சாப்பிட்டிருக்கிறேன் என்றாலும், இங்கே அண்டாவைத் திறக்கும்போது எழும் எலுமிச்சைப்புல் வாடை வேறு. கெளுத்தி மீனை வேகவைத்து உதிர்த்து, வாழைத்தண்டைப் போட்டு, வறுத்த அரிசி மாவால் கெட்டியாக்கிய குழம்பு அது. கடைக்கார அம்மாள் கிண்ணத்தில் சேமியா போன்ற அரிசி நூடுல்ஸைக் கையாலேயே அள்ளிப் போட்டு, குழம்பை ஊற்றி, அவித்த முட்டையைக் கத்தரிக்கோலால் நறுக்கி, பருப்பு அடையை நொறுக்கித் தூவி, கொத்தமல்லியும் எலுமிச்சையும் வைத்துக் கொடுக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. குழம்பு குறைந்ததும் கேட்காமலேயே இன்னொரு கரண்டி ஊற்றினார். அதற்குக் காசு இல்லை.

தேநீர்க் கடைகளின் ஒழுங்கு முறையும் எனக்குப் பிடித்திருந்தது. மேசை மேல் ஒரு ஃபிளாஸ்க்கில் வெறும் தேநீர் எப்போதும் இருக்கும், அது இலவசம். பால் தேநீர் 500 கியாட். சமோசாவும் நீளமான சீனப் போண்டாவும் நாம் கேட்காமலேயே தட்டில் வந்துவிடும். எத்தனை தின்றோமோ அத்தனைக்குக் கொடுத்தால் போதும், மீதத்தைப் பையன் எண்ணி எடுத்துக்கொள்வான். பரிமாறும் பையன்களை உதட்டைக் குவித்து முத்தமிடுவது போல ஓசை எழுப்பி அழைக்கிறார்கள். எவ்வளவு முயன்றாலும் அதை மட்டும் என்னால் செய்ய முடியவில்லை; நம் ஊரில் யாராவது அப்படிக் கூப்பிட்டால் செருப்பு வரும். தவிர, அந்தப் பையன்களில் பலர் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டிய வயதுடையவர்கள் என்பதைத் தேநீரின் சுவையால் மறந்துவிட முடியவில்லை.

மாலையில் ஷ்வேடகோன் புத்த ஆலயம். நுழைவுக் கட்டணம் வெளிநாட்டவருக்கு 10,000 கியாட், இந்தப் பயணத்தில் நான் முணுமுணுக்காமல் கொடுத்த ஒரே கட்டணம். 99 மீட்டர் உயரப் பொற்கோபுரத்தைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை என்பதால் அதை விட்டுவிட்டு, அதன் அடியில் எட்டுத் திசைகளிலும் இருக்கும் கிழமைத் தெய்வங்களைப் பற்றிச் சொல்கிறேன். வாரத்துக்கு ஏழு நாள் என்றாலும் திசை எட்டு என்பதால், புதன்கிழமையை இரண்டாகப் பிளந்து, முற்பகலைத் தந்தமுள்ள யானைக்கும், பிற்பகலைத் தந்தமில்லாத யானைக்கும் கொடுத்திருக்கிறார்கள். பிற்பகல் புதனுக்கு அதிபதி ராகு. நான் பிறந்தது புதன் மாலை. வடமேற்கு மூலையில் ராகுவின் முன் நின்றபோது, ஒரு பாட்டி விரலைக் காட்டி என் வயதைக் கேட்டு, அத்தனை கிண்ணம் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று சைகையால் விளக்கினார். நான் ஊற்ற ஊற்ற அவர் எண்ணினார். ஒரு கட்டத்தில் அவருக்கே சலித்துப் போய், போதும் என்று கையைக் காட்டிவிட்டு, என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார்.

வழியில் பகதூர் ஷா ஸஃபரின் தர்காவுக்கும் போனேன். கடைசி முகலாய மன்னர் 1862-இல் இங்கேதான் கைதியாக இறந்தார். மெய்யான சமாதி 1991-இல்தான் தோண்டும்போது கிடைத்தது. ஒரு முதியவர் ஊதுவத்தி கொடுத்தார், காசு வாங்கவில்லை.

டிசம்பர் 17, செவ்வாய். சைக்தியோ

நகைக்கடைக்காரர் பேருந்து நிலையம் வரை தன் மகனை அனுப்பி, கிளீனரிடம் என்னைக் காட்டிப் பர்மியத்தில் நீளமாக ஏதோ சொல்ல வைத்திருந்தார். விளைவு, வண்டி நின்ற ஒவ்வோர் இடத்திலும் அந்தக் கிளீனர் வந்து நான் இறங்குகிறேனா, ஏறுகிறேனா, சாப்பிடுகிறேனா என்று பார்த்துக்கொண்டே இருந்தார். மலையடிவாரத்துக் கின்பூனில் என்னை இறக்கிவிட்டவர், அங்கே நின்ற ஒரு குடும்பத்திடம் ஒப்படைத்துவிட்டே போனார்.

கின்பூனிலிருந்து சைக்தியோ மலைக்குத் திறந்த லாரிதான், 2,000 கியாட். பின்புறம் குறுக்குவாட்டில் பலகைகள் அடித்திருக்கிறார்கள். ஒரு பலகைக்கு ஆறு பேர் நிரம்பாமல் வண்டி நகராது. கொண்டை ஊசி வளைவுகளில் ஓட்டுநர் வேகத்தைக் குறைப்பதைத் தன்மானக் குறைவாகக் கருதினார். வண்டி சாயும்போதெல்லாம் மொத்தக் கூட்டமும் உரக்கச் சிரித்தது. நான் ஒப்படைக்கப்பட்ட குடும்பத்து அம்மாள் தமது கையை என் இடுப்பைச் சுற்றிப் போட்டு, உச்சி வரை எடுக்கவே இல்லை.

1,100 மீட்டர் உயரத்தில், விழப் போகிறது என்றே கண்ணுக்குத் தோன்றும்படி ஒரு பெரும்பாறை மலை விளிம்பில் நிற்கிறது. புத்தரின் தலைமுடி அதைத் தாங்குகிறது என்பது நம்பிக்கை. ஆண்கள் சிறு பாலத்தைக் கடந்து போய்த் தங்கத் தகடு ஒட்டுகிறார்கள்; பெண்கள் பாறையைத் தொடக் கூடாது என்று பலகை வைத்திருக்கிறார்கள். கட்டணம் வாங்கும்போது இந்தப் பாகுபாட்டைக் காணோம். அந்த அம்மாள் தாம் வாங்கிய தகடைப் பத்து வயது மகனிடம் கொடுத்து அனுப்ப, அவன் அதை ஒட்டும்போது பாதியைக் காற்றில் விட்டுவிட்டான். அம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை. நான்தான் அவருக்காகக் கோபித்துக்கொண்டேன்.

வெயில் சாய்ந்ததும் குளிர் இறங்கிவிட்டது. யாத்திரிகர்கள் முற்றத்திலேயே பாய் விரித்து, பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு, அடுக்குப் பாத்திரத்தைத் திறந்தார்கள். எனக்கும் சோறும் புளிச்சக்கீரைத் தொக்கும் வந்தது. நம் கோங்குராவை நாம்தான் கண்டுபிடித்தோம் என்று நினைப்பவர்கள் பர்மாவின் புளிச்சக்கீரையைச் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். கடைசி லாரி போய்விடும் என்ற அச்சத்தில், சாப்பிட்டு முடித்த கையோடு ஓடிப்போய் ஏறினேன்.

டிசம்பர் 19, வியாழன். பா-அன்

இங்கே எனக்குத் தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. அது எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று எழுதுவதற்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. வயல்களுக்கு நடுவே சட்டென்று எழும் சுண்ணாம்புக்கல் மலைகள், சதான் குகை, வௌவால் எச்சத்தின் மேல் வெறுங்காலோடு நடந்தது, எல்லாம் நன்றாகவே இருந்தன. குகைக்குள்ளும் புத்தர் இருப்பதால் செருப்பை வாயிலிலேயே கழற்றி, கையில் தூக்கிக்கொண்டு போக வேண்டும். வெளியேறும் வழி மறுபக்கத்தில் இருக்கிறது. மற்ற நேரம் முழுவதும் விடுதித் திண்ணையில் உட்கார்ந்து ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் என்னைச் சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை.

டிசம்பர் 20, வெள்ளி. மௌல்மேன்

சல்வீன் ஆற்றில் படகு, 10,000 கியாட். பேருந்தைவிடப் பல மடங்கு அதிகம் என்றாலும் அந்த நாலு மணி நேரத்துக்கு அது தகும். படித்துறையில் இறங்கியபோது பச்சை நிற லுங்கியும் மல்லிகைப் பூவுமாக ஒரு அம்மாள் நின்றிருந்தார்; நகைக்கடைக்காரரின் சின்னம்மா. முகம் தெரியாமலேயே இருவரும் ஒருவரையொருவர் கண்டுகொண்டோம். “இம்புட்டுப் பெரிய மூட்டையத் தூக்கிக்கிட்டு ஒத்தையில திரியிறியே, வீட்ல யாரும் கேக்கலையா?” என்பது வரவேற்பு.

தம் வீட்டில்தான் தங்க வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தார். ஆனால் வெளிநாட்டவர் உரிமம் பெற்ற விடுதியில்தான் தங்கலாம். வீட்டில் தங்கினால் வார்டு அலுவலகத்துக்குப் பதில் சொல்ல வேண்டியது அவர்தான். கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். தூங்குவது மட்டும் விடுதியில், விழித்திருக்கும் நேரமெல்லாம் அவர் வீட்டில். விடுதிக்கு 9 டாலர் கொடுத்தேன். அவர் கணக்கில் அது வீண் செலவு.

மரத்தாலான அந்த வீட்டின் கூடத்தில் முருகன் படமும், அதற்கு மேலே புத்தருக்குத் தனி மாடமும் இருந்தன. மதியச் சாப்பாட்டில் மீன் குழம்பு நம்முடையது, ஙாப்பி என்னும் மீன்விழுதும் பச்சைக் காய்களும் அவர்களுடையது, ஊறவைத்த தேயிலையில் வறுகடலையும் பூண்டும் எள்ளும் கலந்த லபேட் முடிவில் தாம்பூலத்துக்குப் பதிலாக வந்தது. அவர் பேசும் தமிழ் சிவகங்கைச் சீமைத் தமிழ். அவர் அந்தச் சீமையைப் பார்த்ததே இல்லை. பேரப்பிள்ளைகள் தமிழைப் புரிந்துகொண்டு பர்மியத்தில் பதில் சொல்கிறார்கள்.

பக்கத்து வீட்டிலிருந்து வந்த பெரியவர் ஒருவர், நான் எந்தப் பக்கத்துக்காரி என்று தெரிந்ததும், “வட்டி வசூலிக்க வந்தியா?” என்று சிரித்தார். கேலிதான், ஆனால் காரணமில்லாத கேலி அன்று. 1930-களின் பொருளாதார மந்தநிலையில் கடனைத் திருப்ப முடியாத விவசாயிகளின் நிலம் கைமாறி, கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழக் கால் பங்கு நிலம், வட்டிக்குக் கடன் கொடுத்த செட்டியார்களிடம் போய்ச் சேர்ந்திருந்தது. நாம் செட்டிநாட்டு மாளிகைகளில் பர்மாத் தேக்குத் தூணைக் காட்டிப் பெருமைப்படும்போது, அந்தக் கணக்கின் மறுபக்கத்தை யாரும் சொல்வதில்லை. அதன் விளைவைச் சுமந்தவர்களில் இங்கே கூலிக்கு வந்த தமிழர்களும் உண்டு. அவர்களிடம் நிலமும் இல்லை, வட்டியும் இல்லை, அடி மட்டும் பொதுவாக விழுந்தது.

டிசம்பர் 21, சனி. தன்பியூசயாட்

மார்கழி பிறந்துவிட்டதால் விடியும் முன்பே கோயிலில் பாட்டுக் கேட்டது. அம்மாள் ஐந்து மணிக்கே விடுதி வாசலுக்கு வந்து என்னை எழுப்பிவிட்டார். பொங்கல் பிரசாதத்தை வாழை இலைத் துண்டில் வாங்கித் தின்றுவிட்டு, வட்டிக் கேலி செய்த பெரியவரின் மூன்று சக்கர வண்டியில் தெற்கே கிளம்பினோம். பெட்ரோலுக்கு மட்டும் என்று சொல்லி அவர் 15,000 கியாட் வாங்கிக்கொண்டார்.

முடோன் அருகே 180 மீட்டர் நீளப் படுத்த புத்தர் இன்னும் கட்டி முடிக்கப்படாமல் இருக்கிறார், கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன. அதற்கப்பால் இருபுறமும் ரப்பர்த் தோட்டம். அறுபது கிலோமீட்டருக்கு மேல் வந்தபின் தன்பியூசயாட்.

சயாம் மரண ரயில் பாதையின் பர்மா முனை இதுதான். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர்கள் சயாமின், அதாவது இன்றைய தாய்லாந்தின், பான் போங்கிலிருந்து இந்த ஊர் வரை 415 கிலோமீட்டரை 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். அருங்காட்சியகத்தில், கட்டணம் 5,000 கியாட், பழைய நீராவி எஞ்சின் ஒன்று நிற்கிறது. உள்ளே கைதிகளின் படங்கள். போர்க் கைதிகள் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், அவர்களில் பன்னிரண்டாயிரத்துக்கும் அதிகமானோர் இறந்தார்கள் என்பது பெயர்வாரியாகத் தெரிந்த கணக்கு. ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் தொண்ணூறாயிரம் வரை என்பது மதிப்பீடு மட்டுமே. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழர்கள் அவர்களில் பெரும் பங்கினர். காலராவும் மலேரியாவும் வந்த முகாம்களில் படைவீரர்களுக்குத் தங்கள் மருத்துவர்களாவது இருந்தார்கள், பெயரெழுதி வைக்க அதிகாரிகள் இருந்தார்கள். கூலிகளுக்கு இரண்டும் இல்லை.

சிறிது தூரத்தில் காமன்வெல்த் போர்க் கல்லறைத் தோட்டம். 3,700-க்கும் மேற்பட்ட கல்லறைகள். வெட்டிய புல், வரிசை வரிசையாக வெண்கலப் பட்டயங்கள், ஒவ்வொன்றிலும் பெயர், படைப்பிரிவு, வயது, சிலவற்றில் வீட்டார் எழுதி அனுப்பிய ஒரு வரி. இருபத்திரண்டு, இருபத்து நான்கு, பத்தொன்பது என்று வயதுகளைப் படித்துக்கொண்டே நடந்தேன். தோட்டக்காரர் ஒருவர் மண்டியிட்டு, ஒரு பட்டயத்தைச் சுற்றிய புல்லை வீட்டுக் கத்தரிக்கோலால் நறுக்கிக்கொண்டிருந்தார்.

பெரியவர் வண்டியை விட்டு இறங்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, தம் தாயின் தந்தை மலாயாவில் ரப்பர்ப் பால் வெட்டியவர் என்றும், ரயில் வேலைக்கு ஏற்றிக்கொண்டு வந்தார்கள் என்றும், போர் முடிந்தபின் திரும்பிப் போக வழி தெரியாமல் இங்கேயே ரப்பர் வேலைக்குச் சேர்ந்துவிட்டார் என்றும், ஊர்ச் செய்தி சொல்வது போலச் சொன்னார். கூட வந்தவர்கள்? “அதெல்லாம் பாதையோரத்துலதாம்மா. எந்த எடம்னு யாரு கண்டா.” பிறகு, தேநீர் குடிக்கலாமா என்று கேட்டார். குடித்தோம். இருவருக்கும் சேர்த்து ஆயிரம் கியாட்டை அவரே கொடுத்தார்.

படைவீரர் கல்லறைகளைப் பேணுகிறவர்கள் மேல் எனக்குக் குறையில்லை. அப்படித்தான் பேண வேண்டும். ஆனால் இதே பாதையில் பெயர் தெரியாமல் இறந்துபோன தமிழர்களுக்குத் தமிழ்நாட்டுப் பாடப்புத்தகத்தில் ஒரு பத்தியாவது நான் படித்ததாக நினைவில்லை.

டிசம்பர் 22, ஞாயிறு. இரவுப் பேருந்து

கிளம்பும்போது அம்மாள் ஒரு பெரிய கண்ணாடிச் சாடியைக் கையில் கொடுத்தார். உலர்ந்த இறாலையும் பூண்டையும் வெங்காயத்தையும் மிளகாயோடு எண்ணெயில் பொரித்த பலாச்சாங். காரைக்குடி அக்காவுக்கு. வேண்டாம் என்று சொல்லும் துணிவு எனக்கு வரவில்லை. பேருந்தில் பல் துலக்கியும் ஈரத் துண்டும் கொடுத்து உபசரித்தார்கள்; குளிர்சாதனத்தை மட்டும் விடியும் வரை குறைக்க மறுத்துவிட்டார்கள். இருந்த உடைகளையெல்லாம் போட்டுக்கொண்டும் பல் தந்தியடித்தது. நள்ளிரவில் சோற்றுக்கு நிறுத்திய இடத்தில் பையைத் தொட்டுப் பார்த்தால் எண்ணெய் கசிந்து, தூங்கும் பை முழுவதும் இறால் வாடை. பக்கத்து இருக்கைக்காரர் முகம் சுளிக்கவில்லை. மோப்பம் பிடித்து, பாராட்டும் தோரணையில் தலையை ஆட்டினார்.

விமான நிலையத்தில் அவ்வளவு தாராளம் இல்லை. எண்ணெய்ச் சாடியைக் கைப்பையில் கொண்டுபோகக் கூடாது என்றார்கள். சரக்கில் போட 30 டாலர் கேட்டார்கள். மௌல்மேனில் என் இரண்டு இரவு வாடகையைவிட அதிகம். சாடியைக் குப்பைக் கூடையின் மேல் நீட்டிப் பார்த்தேன். படித்துறையில் நின்ற அம்மாள் நினைவுக்கு வந்தார். 30 டாலரைக் கொடுத்தேன்.

டிசம்பர் 26, வியாழன். காரைக்குடி

பர்மா காலனியில் அந்த அக்காவின் வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமப்படவில்லை; வாசலில் மொஹிங்காக் கடைக்காரர் வழி சொன்னார். எண்பதை நெருங்கும் அவர் சாடியைத் திறந்து, விரல் நுனியால் ஒரு துணுக்கை எடுத்து நாக்கில் வைத்து, சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “பூண்டைக் கருக விட்டுட்டா” என்றார். “அவளுக்கு அடுப்பைக் குறைக்கவே தெரியாது. அங்க இருந்தப்பவே சொல்லுவேன்.”

பேரன் காணொளியில் மௌல்மேனைப் பிடித்துக் கொடுத்தான். வணக்கம், நலமா ஒன்றும் இல்லை. எடுத்த எடுப்பிலேயே பூண்டைப் பற்றித்தான் பேச்சு. இறால் மலிவான இறால் என்று இவர் சொல்ல, கடைசியாக இறால் வாங்கிய காலத்து விலையையே நினைத்துக்கொண்டு பேசாதே என்று அவர் சொல்ல, இடையில் யாருக்கோ கல்யாணம் என்ற செய்தியும் வந்து போயிற்று. நான் எழுந்து செருப்பை மாட்டும்போது, சாடியைக் கழுவித் திருப்பிக் கொடுக்க வேண்டுமா, அடுத்து எப்போது அந்தப் பக்கம் போகிறேன் என்று உள்ளிருந்தே அவர் சத்தம் போட்டுக் கேட்டார்.